உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோரிடமும் தங்கள் தோலைப் பற்றிய ஓர் எழுத்துப் பதிவு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவராக மேசைக்கு அருகே கூப்பிட்டு, சட்டைக் கையை மடிக்கச் சொல்லி, இரண்டு அடையாளங்களைத் தேடி எழுதுவார். இடது கன்னத்தில் ஒரு கருப்பு மச்சம், வலது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு. சான்றிதழில் ‘அங்க அடையாளம்’ என்ற இடத்தில் அது நிலைத்துவிடும். எந்த இடத்து மச்சத்துக்கு என்ன பலன் என்று சொல்லும் பஞ்சாங்கப் பக்கத்தை ஒருமுறையாவது புரட்டிப் பார்க்காத வீடும் குறைவு. ஆனால் அந்த மச்சம் போன வருடம் இருந்த அளவில்தான் இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தோல் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகள் அவைதான்.

தோலில் வரும் புற்றுநோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. நுரையீரலில், கணையத்தில், குடலில் வளர்வது கண்ணுக்குத் தெரியாது. தோலில் வளர்வது முதல் நாளிலிருந்தே வெளியில்தான் இருக்கிறது. கருவி வேண்டாம், கதிர்ப்படம் வேண்டாம். அப்படியிருந்தும் நம் ஊர்களில் அது முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது. ஏன் என்பது பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போனால் புரியும்.

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் அந்த ஏரியை ஒட்டிய ஊர்களில் ஒன்று சுண்ணாம்புக்குளம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழ்நாட்டில். பரப்பு பெரிதே தவிர ஆழம் குறைவு. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அதனால் இங்கே மீன்பிடித் தொழிலில் பெரும்பங்கு தண்ணீரில் நின்றும் நடந்தும் செய்யும் வேலை. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ இந்த ஏரியின் பழைய ஏற்பாடு. பாடு கிடைத்த நாளில் காலில் புண் என்று யாரும் வீட்டில் உட்கார மாட்டார்கள். இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்குக் கைதான் வலை.

இந்த வேலையில் தோல் படும் பாடு கொஞ்சமல்ல. சிப்பி ஓடு கிழிக்கும். கெளுத்தி முள் ஏறும். நண்டு கவ்வும். வலைக்கயிறு உள்ளங்கையில் காய்ப்பு ஏற்றும். விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு, பாதத்தில் கால் ஆணி. இவற்றில் ஏதாவது ஒன்று உடம்பில் இல்லாத நாளே இருக்காது. “முள்ளு ஏறிச்சு, தானா ஆறிடும்” என்பது இங்கே அலட்சியப் பேச்சு அல்ல, அனுபவப் பேச்சு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது சரியாகவே இருக்கும். மீதி ஒரு தடவைதான் சிக்கல். ஆறாத புண், ஆறுகிற புண்களின் கூட்டத்தில் மறைந்துகொள்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்துவதற்கு இங்கே எதுவும் இல்லை. இந்தியாவில் வரும் புற்றுநோய்களில் தோல் புற்று நூற்றில் ஒன்றிரண்டு என்ற அளவில்தான் இருக்கிறது. வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய பங்கு. நம் தோலின் நிறம்தான் அதற்கு முக்கியக் காரணம். மெலனின் என்ற நிறமி சூரியனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, கீழே இருக்கும் செல்களின் மரபணுவைக் காக்கிறது. வெயிலில் கறுத்துப்போனதாக நாம் வருத்தப்படுவது உண்மையில் உடம்பு போட்டுக்கொள்ளும் கவசம்.

கடலில் வேலை செய்பவர்களுக்கும் தோல் புற்றுக்கும் உள்ள தொடர்பு உலகுக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரில் தோல் மருத்துவராக இருந்த பால் கெர்சன் உன்னா, 1894-இல் மாலுமிகளின் முகத்திலும் கைகளிலும் தோல் தடித்து, வெடித்து, கடைசியில் புற்றாக மாறுவதைப் பற்றி எழுதினார். வெயிலையும் தோல் புற்றையும் இணைத்துப் பேசிய முதல் மருத்துவர்களில் அவர் ஒருவர். அவர் பார்த்தவர்கள் வெளுத்த தோல்காரர்கள். அதே வெளுத்த தோலோடு வெயில் மிகுந்த நாட்டில் குடியேறியவர்கள் ஆஸ்திரேலியர்கள். உலகிலேயே தோல் புற்று மிகுந்த நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று 1981-இல் அங்கே தொடங்கிய பிரசாரம் உலகப் புகழ் பெற்றது.

அத்தகைய பிரசாரங்களின் படங்கள்தான் இன்று நம் கைபேசிக்கும் வந்து சேர்கின்றன. வெள்ளை முதுகில் ஒரு கோணல் மச்சம். அதைப் பார்க்கும் ஏரிக்கரைக்காரர் ‘இது நமக்கில்லை’ என்று தள்ளிவிடுவார். படத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் நமக்கு வரும் வடிவம் வேறு, வரும் இடம் வேறு. அந்த இடங்களைத் தமிழில் சொல்லும் சுவரொட்டியைப் பார்ப்பது அரிது. உள்ளங்கால், நகத்தடி, பழைய தழும்பு, இடுப்பில் முடிச்சு விழும் இடம், கீழுதடு. பார்க்க வேண்டியவை இவையே.

உள்ளங்காலிலிருந்து தொடங்கலாம்.

தோலின் நிறமிச் செல்களில் உருவாகும் ‘மெலனோமா’தான் தோல் புற்றுகளில் மிகவும் ஆபத்தானது, வேகமாகப் பரவக்கூடியது. வெள்ளைத் தோலினருக்கு அது பெரும்பாலும் வெயில் படும் இடத்தில் வருகிறது. அதன் ஒரு வகை மட்டும் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களைப் பிடிக்கிறது. இந்த வகைக்கு வெயிலோடு தொடர்பில்லை. எல்லா நிறத்து மக்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. மற்ற வகை மெலனோமாக்கள் நமக்கு மிக அரிது என்பதால், நமக்கு மெலனோமா வந்தால் அது பாதத்தில் இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் மெலனின் கவசமும் குறைவு. உள்ளங்கையும் உள்ளங்காலும் மற்ற இடங்களைவிட வெளுத்திருப்பதை யாரும் பார்க்கலாம். நடக்கும்போது விழும் அழுத்தமும் உராய்வும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

ஜமைக்காவின் இசைக்கலைஞர் பாப் மார்லியின் கதை இதற்கு உலகறிந்த சான்று. அவருக்குக் கால்பந்து என்றால் உயிர். கால் பெருவிரலில் இருந்த புண்ணை விளையாட்டில் பட்ட அடி என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1977-இல் நகத்தடியில் மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடலாம் என்ற மருத்துவ ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. உடலின் பகுதியை வெட்டக்கூடாது என்ற அவரது ராஸ்தபாரி மத நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நகத்தையும் அடியில் இருந்த திசுவையும் மட்டும் அகற்றினார்கள். நோய் மூளைவரை பரவியது. 1981 மே 11 அன்று மயாமி மருத்துவமனையில் அவர் இறந்தபோது வயது 36. அடிபட்டதால் புற்று வந்தது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அடிபட்ட புண் என்று நினைத்ததால் புற்று கவனிக்கப்படாமல் போனது என்பதே இதில் நமக்கான செய்தி.

ஏரிக்கரையில் இந்தத் தவறான அடையாளம் எத்தனை பெயர்களில் வரலாம் என்று பாருங்கள். கால் ஆணி, நகச்சுற்று, ரத்தக்கட்டு, முள் ஏறிய கறுப்பு. நான்கும் உண்மையிலேயே அன்றாடம் நடப்பவை. பிரித்தறிய வழி இருக்கிறது, அதற்கு வேண்டியது காலம் மட்டுமே. நகத்தின் அடியில் கட்டிய ரத்தம் நகம் வளர வளர முன்னோக்கி நகரும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது, கால் நகம் அதில் பாதி. கறுப்பின் பின்விளிம்பு இருக்கும் இடத்தில் நகத்தின் மேல் ஒரு சிறு கோடு கீறி வைத்தால், இரண்டு மாதத்தில் கோடும் கறுப்பும் சேர்ந்து முன்னால் போயிருக்க வேண்டும். கோடு மட்டும் நகர்ந்து கறுப்பு நின்ற இடத்திலேயே நின்றால் அது ரத்தக்கட்டு அல்ல.

நகத்தில் நெடுக்காக ஓடும் பழுப்புக் கோடுகள் நம் நிறத்து மக்களுக்குச் சாதாரணம். பல விரல்களில், பல ஆண்டுகளாக, மாறாமல் இருந்தால் கவலை வேண்டாம். ஒரே ஒரு விரலில், அதிலும் கட்டைவிரல் அல்லது கால் பெருவிரலில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கோடு வேறு கதை. அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண்ணின் தோலிலும் கசிந்திருந்தால் அதே வாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த அடையாளம் அது. நகச்சுற்று போலவே தோன்றும் கறுப்பு வீக்கம் என்றுதான் அவரும் எழுதினார்.

உள்ளங்காலில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு திட்டு பெரிதாகிக்கொண்டே போனாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருக்காது. சில வகை இளஞ்சிவப்பாக, சதை வளர்ந்ததுபோல, தொட்டால் ரத்தம் கசிவதாக இருக்கும். கால் ஆணி என்று பல தடவை செதுக்கியும் திரும்பத் திரும்ப ரத்தம் வடித்துக்கொண்டு வளர்கிறதென்றால் செதுக்குவதை நிறுத்திவிட்டுக் காட்டிவிடுவது நல்லது.

அடுத்தது தழும்பு. நம் நாட்டுக்கு இதைப் பற்றிச் சொல்ல ஏராளமாக இருக்கிறது.

தீப்பட்டு ஆறிய தழும்பில், பல ஆண்டு கழித்து ஒரு புண் வரும். பழைய தழும்புதானே, உரசியிருக்கும் என்று விடுவார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் நிக்கோலா மார்ஜோலின் 1828-இல் இத்தகைய தழும்புப் புண்களைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் மார்ஜோலின் புண் என்று வழங்கப்படும் இது தோலின் மேலடுக்குச் செல்களில் வரும் புற்று. தீக்காயத்துக்கும் புற்றுக்கும் இடையே சராசரியாக 30 ஆண்டு இடைவெளி இருக்கிறது. தீத்தழும்பு உள்ள நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம் என்பது பொதுவான மதிப்பீடு. விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் எரிந்த காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் சேலையில் தீப்பற்றி, கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு வரை போய்ப் பிழைத்து வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இருபது வயதில் தீப்பட்டு மீண்டவர்களுக்கு இப்போது ஐம்பது வயது. அந்தத் தழும்புகளை மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லி அவர்களிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? தோல் ஒட்டுப்போடாமல் தானே ஆறிய தழும்பும், மூட்டு மடிப்பில் இறுக்கிப் பிடித்து அடிக்கடி வெடிக்கும் தழும்பும் கூடுதல் கவனம் வேண்டியவை.

காஷ்மீரில் இதே நோய்க்கு வேறொரு முகம். குளிருக்காகத் தணல் நிரப்பிய காங்க்ரி என்ற சட்டியை நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். தொடையிலும் அடிவயிற்றிலும் ஆண்டுக்கணக்கில் சூடு படும் அந்த இடத்தில் புற்று வருவதை ஸ்ரீநகரில் பணியாற்றிய மருத்துவர் எல்ம்ஸ்லி 1866-இலேயே பதிவு செய்தார். ‘காங்க்ரி புற்று’ என்று உலக மருத்துவ நூல்கள் அதைச் சொல்கின்றன.

பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் நோய்க்குறியியல் அறிஞர் வி. ஆர். கானோல்கர் 1945-இல் சக ஆய்வாளர் சூரியாபாயுடன் எழுதிய கட்டுரை ஒன்று இடுப்பைப் பற்றியது. வேட்டியை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் தோல் உரிந்து, நிறம் மாறி, நாளடைவில் புற்றாவதை அது விவரித்தது. பிறகு சேலை கட்டும் பெண்களிடமும் இதைக் கண்டார்கள். உண்மையில் குற்றவாளி சேலை அல்ல, உள்ளே இருக்கும் பாவாடை நாடா. 2024 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில், மகாராஷ்டிரத்தையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் இரண்டு மூதாட்டிகளின் நோய் வரலாற்றை வெளியிட்டார்கள். ஒருவருக்கு வயது 70. இடுப்பில் நாடா பட்ட இடத்தில் வந்த புண் 18 மாதம் ஆறாமல் இருந்தது. திசுவை எடுத்துப் பார்த்தபோது புற்று.

தண்ணீரில் நிற்கும் பெண்களுக்கு இது நெருக்கமான விஷயம். நனைந்த நாடா உலர்ந்த நாடாவைவிட அதிகம் வெட்டும். உப்புத் தண்ணீர் உரிந்த தோலை ஆற விடாது. நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வைத்துத் தைப்பது, முடிச்சை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இடம் மாற்றுவது, வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடுவது ஆகியவை காசு செலவில்லாத காரியங்கள். இடுப்பில் கறுத்துத் தடித்துச் செதில் உதிரும் கோடு இருந்தால், அதன்மேல் மறுபடியும் நாடா விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மூக்கோரம், கண்ணிமை, கன்னம் ஆகிய இடங்களில் பளபளப்பான கறுப்புப் பருவாகத் தோன்றி, மெல்ல நடுவில் குழிந்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்து, மறுபடி பொருக்குத் தட்டும் ஒரு வகைப் புற்று உண்டு. மேலை நாட்டில் அது முத்துப்போல் வெளிறி இருக்கும், நம் தோலில் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதால் மச்சம் என்று நினைக்கிறோம். உடலின் வேறிடங்களுக்கு மிக அரிதாகவே பரவும். ஆனால் விட்டுவைத்தால் இமையையும் மூக்கையும் அரித்துவிடும். ஐம்பது வயதுக்கு மேல் முகத்தில் புதிதாக மச்சம் முளைத்தால் அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளாமல் காட்டிவிட வேண்டும்.

கீழுதடு வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் மேலுதட்டைவிட வெயில் வாங்குகிறது. பீடி, வெற்றிலைப் புகையிலைப் பழக்கமும் சேர்ந்தால் இரட்டைக் கேடு. உதட்டில் வெள்ளையாகத் தடித்த இடம், வாரக்கணக்கில் ஆறாத வெடிப்பு, தொட்டால் கெட்டியாக இருக்கும் புண் ஆகியவற்றை விடக்கூடாது. வெயிலைப் பற்றி இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். ஒரு நாளின் புற ஊதாக் கதிரில் சுமார் 60 விழுக்காடு காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் விழுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை மீட்டர் தண்ணீருக்கு அடியிலும் மேற்பரப்பில் உள்ளதில் 40 விழுக்காடு எட்டுகிறது. விடியலுக்கு முன் வலைக்குப் போய்ப் பத்து மணிக்குள் கரை சேரும் பழைய வழக்கம் தோலுக்கும் நல்லதே. பிறவியிலேயே நிறமி இல்லாமல் வெளுத்த தோலும் முடியுமாகப் பிறந்தவர்களுக்கு இந்த மெலனின் கவசம் கிடையாது. அந்தக் குழந்தைகள் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் களிம்பும் இல்லாமல் ஏரிக்குப் போகவே கூடாது. சிறு வயதிலிருந்தே ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? நம் வீடுகளில் அதற்கென்று ஏற்கனவே ஒரு நாள் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். உச்சந்தலையிலிருந்து கால்விரல் இடுக்குவரை கை போகாத இடம் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில், கையோடு கண்ணும் போனால் போதும். மாதம் ஒருமுறை. வெளிச்சம் வேண்டும், இருட்டுக் குளியலறையில் செய்து பயனில்லை. உட்கார்ந்து பாதத்தை மடியில் திருப்பிப் போட்டு, சேறு போகத் தேய்த்துக் கழுவிய பிறகு உள்ளங்காலைப் பாருங்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுக்கைப் பாருங்கள். மருதாணியும் நகச்சாயமும் நகத்தடியை மறைக்கும், அவை அழிந்த நாளில் நகத்தைப் பார்த்துவிட வேண்டும். முதுகுக்கும் தலைக்கும் அடுத்தவர் கண் தேவை. கணவனுக்கு மனைவி, மாமியாருக்கு மருமகள், அப்பாவுக்கு மகன். வயதானவர்களால் குனிந்து தம் பாதத்தைப் பார்க்க முடியாது. பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம், குழந்தைகளின் கண் கூர்மையானது.

சந்தேகமான இடத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பது இன்று எல்லோராலும் முடிகிற காரியம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அடுத்த மாதம் அளவை ஒப்பிடலாம். மச்சத்தைப் பொறுத்தவரை நியூயார்க் தோல் மருத்துவர்கள் 1985-இல் வகுத்த விதி இன்றும் உதவுகிறது. நடுவில் கோடு போட்டால் இரு பாதியும் ஒத்துப்போகவில்லை, ஓரம் பிசிறடிக்கிறது, ஒரே மச்சத்தில் பல நிறம், குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேல். பின்னாளில் இவற்றோடு சேர்த்த ஐந்தாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அது மாறிக்கொண்டிருக்கிறதா என்பது. புண்ணுக்கு இன்னும் எளிய விதி. தோன்றிய நாளைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நான்கு வாரத்தில் ஆறவில்லை என்றால் காரணம் எதுவாக இருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். அது புற்றாக இல்லாமல் சர்க்கரை நோயாகவோ காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமியாகவோ இருக்கலாம். அவற்றுக்கும் மருந்து வேண்டும்.

பார்க்கத் தொடங்கினால் கண்ணில் படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. வயதானவர்கள் கன்னத்தில் மிளகைப் பதித்ததுபோல் வரும் சிறு கறுப்பு முண்டுகள், கழுத்தில் தொங்கும் மருக்கள், கன்னத்து மங்கு, முதுகுத் தேமல், தொடையிடுக்குப் படர்தாமரை, வெண்படை எதுவும் புற்று அல்ல, புற்றாக மாறுவதும் இல்லை. கழுத்து மடிப்பில் வெல்வெட் போலக் கறுத்துத் தடித்திருந்தால் அது பெரும்பாலும் உடல் பருமனையும் வரவிருக்கும் சர்க்கரை நோயையும் காட்டுகிறது. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

வெளிறிய அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி இல்லை என்றால் மட்டும் வேறு விதமாக யோசிக்க வேண்டும். அது தொழுநோயின் அடையாளம். தமிழ்நாட்டுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உணர்ச்சியற்ற தேமலைத் தேடி வீடு வீடாக ஊழியர்கள் வந்ததையும், சுவரெல்லாம் எழுதிப் போட்டதையும் நடுவயதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பார்கள். 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. 2005 இறுதியில் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற அளவை இந்தியா எட்டியது. மருத்துவமனைக்கு வெளியே, சாதாரண மக்கள் தங்கள் தோலைத் தாங்களே பார்த்துச் சொன்னது அந்த வெற்றியில் ஒரு பங்கு. தொழுநோய் முழுவதுமாகப் போய்விடவில்லை, இன்றும் புதிய நோயாளிகள் வருகிறார்கள். எண்ணெய்க் குளியல் நாளின் பார்வை அதையும் கண்டுபிடிக்கும். தொழுநோயால் மரத்துப்போன பாதத்தில் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணும் சில சமயம் புற்றாக மாறுகிறது என்பதால் இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

சந்தேகம் வந்த பிறகு செய்யக்கூடாதவை சில உண்டு. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து மச்சத்தின்மேல் வைத்துப் பொசுக்குவது கிராமங்களில் இன்றும் இருக்கிறது. முடியால் இறுக்கிக் கட்டி அறுந்து விழவைப்பதும் உண்டு. மருவாக இருந்தால் தழும்போடு போகும். மெலனோமாவாக இருந்தால், மேலே இருந்தது கருகி மறைய, அடியில் இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும். ஆய்வுக்கு எடுத்து அனுப்ப மேலே எதுவும் மிஞ்சாது. அழகு நிலையங்களில் மச்சத்தைச் சுட்டு எடுப்பதும் இதே தவறுதான். எந்த மச்சத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் எடுக்கக்கூடாது.

இன்னொரு பயம் இதைவிட ஆழமானது. “கத்தி பட்டால் பரவும்.” படித்தவர்களும் சொல்கிறார்கள். இதில் உண்மை இல்லை. மருத்துவர் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஒரு சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க அனுப்புகிறார். அதனால் பரவுவதில்லை. அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. முற்றிய பிறகு போனவர்களுக்குத்தான் கத்தி வைத்தார்கள், அவர்கள் பிழைக்கவில்லை. பழி கத்தியின்மேல் விழுந்தது, காத்திருந்த மாதங்களின்மேல் விழவில்லை.

அந்த மாதங்களின் விலையை 1970-இல் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ அளந்து காட்டினார். மெலனோமா எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே விதியைத் தீர்மானிக்கிறது. 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்தால் நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முதல் கட்டத்தில் இது பெரும்பாலும் அன்றே வீடு திரும்பக்கூடிய சிறு அறுவை சிகிச்சை. தாமதித்தால் பாதத்தை எடுக்க வேண்டிவரலாம். கால் போனால் ஏரியில் நிற்க முடியாது. மீனவக் குடும்பத்துக்கு அது ஓர் உறுப்பின் இழப்பு மட்டுமல்ல.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து மருத்துவமனை எட்டாத தூரத்தில் இல்லை. கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. கும்மிடிப்பூண்டியில் ஏறும் புறநகர் ரயில் சென்னை சென்ட்ரல் வளாகத்தில் இறக்கிவிடும். சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. வடசென்னையில் ஸ்டான்லி. இரண்டிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டுக்குப் பணம் இல்லை. காலை நேரத்திலேயே போய்விட வேண்டும். கைபேசியில் எடுத்த பழைய படங்களையும், புண் தோன்றிய தேதியையும், என்னென்ன மருந்து போட்டீர்கள் என்பதையும் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. புற்று உறுதியானால் அடையாறில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையமும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் புற்றுநோய்ச் சிகிச்சைகள் அடங்கும்.

இதில் அரசு செய்யக்கூடியது ஒன்று மீதமிருக்கிறது. 2016-இல் வகுத்த தேசிய வழிகாட்டுதல் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கு மட்டுமே மக்களிடையே பரிசோதனை செய்யச் சொல்கிறது. தோல் அதில் இல்லை, எண்ணிக்கையைப் பார்த்தால் அது நியாயமான முடிவே. தோலுக்கென்று தனி முகாம் யாரும் போட மாட்டார்கள், போடவும் தேவையில்லை. ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெண் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்ப்பது எப்படியும் அவசியமான வேலை. அந்த ஊழியர் மீனவர் குப்பத்திலும் இருளர் குடியிருப்பிலும் வீட்டில் இருக்கும் எல்லோருடைய உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். பழைய தீத்தழும்பு உண்டா, இடுப்பில் புண் உண்டா, நான்கு வாரம் தாண்டியது ஏதாவது உண்டா என்று மூன்று கேள்வி கேட்கட்டும். உள்ளங்கால், நகம், தழும்பு, இடுப்பு, உதடு ஆகிய ஐந்து இடங்களை நம் நிறத்துத் தோலில் எடுத்த படங்களோடு ஒரே தாளில் அச்சிட்டு அவர் கையில் கொடுக்க சுகாதாரத் துறைக்குப் பெரிய செலவு ஆகாது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அதில் ஒரு பிரதி ஒட்டிவைக்கலாம்.